மாமனாரோடு சவுக்குத் தோப்பில்

என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு என்று பெரிதாக எதுவும் கிடையாது. "சாப்ட்டீயளா மாப்ள?" என்பார். "ஆச்சு மாமா, நீங்க?" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சண்டையோ மனத்தாங்கலோ இல்லை. மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவில் எங்கள் பக்கத்தில் தானாகவே விழுந்துவிடும் மரியாதையான ஒரு தூரம். அதை யாரும் குறையாகச் சொல்வதுமில்லை.

அவர் ஆழ்வார்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அத்தை, அதாவது என் மாமியார், இறந்த பிறகு கொஞ்ச காலம் அங்கே தனியாக இருந்து பார்த்தார். முடியவில்லை. கடையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு வேதப் புத்தகமும் தன் தலையணையுமாக, பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்க வந்துவிட்டார். பகல் முழுக்க ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடினால் பார்ப்பார். யாராவது அணைத்துவிட்டால் அணைந்த திரையையும் அதே முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையலறையில் என் மனைவி தோசைக்கல்லைப் பார்த்தபடியே அழுதாள்.

"கடைல நிக்கையில எப்பா எப்படி இருப்பாங்க தெரியுமா? ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டாங்க. இப்பப் பாருங்க, அந்த நாற்காலியோட நாற்காலியா ஆயிட்டாங்க."

பேட்டை தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்குப் புதிதாக வாங்கிய எந்திரத்தைப் பொருத்த பூனாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். வேலை முடிந்து டீ குடிக்கும்போது போனில் ஒரு வரைபடத்தைக் காட்டி, "இந்த இடம் தெரியுமா? இங்கே ஒரு டப்பா இருக்கிறது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, இல்லாவிட்டால் தேடியிருப்பேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயராம். உலகம் முழுக்க ஆட்கள் சின்னச் சின்ன டப்பாக்களை எங்காவது ஒளித்து வைக்கிறார்கள். ஒளித்த இடத்தை ஒரு செயலியில் குறித்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் போனைப் பார்த்துக்கொண்டு போய்த் தேடலாம். கிடைத்தால் உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நம் கையிலிருக்கும் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது.

அவர் காட்டிய இடம் ஸ்ரீவைகுண்டம் போகும் சாலையிலிருந்து விலகிக் கொஞ்ச தூரம் உள்ளே இருக்கும் ஒரு குளம். தாமிரபரணிக் கால்வாயின் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் குளங்களில் ஒன்று. நான் அறிந்த காலத்தில் அது குளமாகவே இல்லை. சீமைக் கருவேலம் மண்டி, நடுவில் சாக்கடை போலக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஊர் இளவட்டங்களும் சில பறவை ஆர்வலர்களும் சேர்ந்து கருவேலத்தை வேரோடு பிடுங்கி, தூர்வாரி, மடையைச் சரிசெய்து, நடுவே மண்திட்டுகள் போட்டு, அதை மறுபடி குளமாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ராத்திரி மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் விடிகாலையிலேயே பயிற்சிக்குப் போய்விடுவாள்.

"எப்பாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"வருவாங்களா?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

கூப்பிட்டேன். "வாரேன்" என்று உடனே எழுந்து செருப்பைத் தேடினார். நாளைக்குக் காலையில்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

காரில் வழி நெடுக நாங்கள் பேசவில்லை. இருட்டு இன்னும் முழுதாகக் கலையாத நேரம். வாழைத் தோட்டங்களின் வாசனை கண்ணாடி வழியாக உள்ளே வந்து வந்து போனது. குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது முதலில் எனக்குத் தண்ணீர் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. நாமக்கோழிகளும் தாழைக்கோழிகளும் கோரைக்குள்ளிருந்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தன. பிறகு வானம் கொஞ்சம் வெளுத்தது. அது வெளுக்க வெளுக்கத் தண்ணீர் எங்கள் காலடியிலிருந்து தொடங்கி அப்படியே விரிந்துகொண்டே போயிற்று. எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு. அல்லி இலைகளுக்கு நடுவில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கியது. அது எங்கே எழும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நாங்கள் பார்த்த இடத்தில் அது எழவில்லை.

டப்பாவுக்கு அதை ஒளித்தவர் ஒரு குறிப்புக் கொடுத்திருந்தார். "பைன் மரங்களுக்கு அடியில்." வாசித்துக் காட்டினேன்.

"பைனா?" என்றார் மாமா. "நம்மூர்லயா? அது கொடைக்கானல்லல்லா இருக்கும்."

போனில் அம்புக்குறி மேற்குக் கரையைக் காட்டியது. அங்கே போனபோதுதான் இருவருக்கும் புரிந்தது. கரையை ஒட்டி நீளமாக ஒரு சவுக்குத் தோப்பு. வெளியூர்க்காரர் யாரோ ஊசி இலையைப் பார்த்துப் பைன் என்று நினைத்திருக்கிறார்.

"பாவம், அவருக்குப் பைன் காட்டுல நடந்த மாதிரி இருந்திருக்கும். இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா.

சவுக்குத் தோப்புக்குள் நடப்பது விழித்துக்கொண்டு நடப்பது போல இருக்காது. கீழே உதிர்ந்த ஊசிகள் மெத்தை மாதிரி கிடப்பதால் காலடிச் சத்தமே கேட்காது. மேலே காற்று போகும்போது கடலுக்குப் பக்கத்தில் நிற்பது போல ஓர் இரைச்சல். மரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் தெரியாது. அம்புக்குறி இங்கே என்று காட்டும். அங்கே போனால் அங்கே என்று காட்டும். வேர்களுக்கு அடியிலும் பட்டைப் பிளவிலும் கல் இடுக்கிலும் தேடினோம். கிடைக்கவில்லை. ஆராதனைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பினோம். சபைக் கோவிலில் உட்கார்ந்திருந்தபோது மாமாவின் வேட்டி விளிம்பில் சவுக்கு ஊசிகள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒருநாள் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தோப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்னத்தத் தொலைச்சீய அண்ணாச்சி?"

"ஒண்ணுந் தொலைக்கல தாயி. ஒரு டப்பாவத் தேடுதோம்" என்றார் மாமா.

"உங்க டப்பாவா?"

"இல்ல. வேற யாரோ வச்சது."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியாது."

"கெடச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீயளாக்கும்?"

"இல்ல, இங்கனயே வச்சிருவோம்."

அந்த அம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெறகு எதுக்குத் தேடுதீய?" என்றார்.

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. முதலில் சின்னதாக, பிறகு ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு. அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு புதரை அரிவாளால் விலக்கி, "இதுல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தோப்புக்குள் பேச்சு தானாக வந்தது. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. அவர் ஒரு மரத்தடியில் குனிந்திருப்பார், நான் இன்னொன்றில். குரல் மட்டும் ஊசிகளின் மேல் நடந்து வரும்.

"உங்க அத்தைகூட நடக்க முடியாது மாப்ள. அவ நடந்தா நா ஓடணும். 'பைய போ, பைய போ'ன்னு சொல்லிக்கிட்டேதான் வாழ்க்க பூராம் போச்சு. திரும்பியே பாக்க மாட்டா. ஆனா தெரு முக்குத் திரும்பினா அங்கன நின்னுக்கிட்டு இருப்பா."

சொல்லிவிட்டு அவர் இன்னொரு மரத்தடிக்கு நகர்ந்தார்.

ஒருநாள் நானும் ஒன்று சொன்னேன். பட்டறைச் சத்தத்தில் என் இடது காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவியிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏன் அதை அன்றைக்கு அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. காற்றின் இரைச்சல் எனக்கு வலப்பக்கத்திலிருந்து மட்டுமே கேட்டதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டேன்.

மாமா நிமிர்ந்தார். "எடது காதா?"

"ஆமா மாமா."

"அப்போ கார்ல..." என்று நிறுத்தினார். கார் ஓட்டும்போது அவர் உட்காருவது என் இடப்பக்கம். "நா பேசினது ஒண்ணுமே உங்களுக்குக் கேக்கலையா?"

"பேசினீங்களா?"

"மொத நாளே நெறைய பேசினேனே மாப்ள. வாழைத் தோட்டத்தப் பத்தி, அந்தக் கால்வாயப் பத்தி. நீங்க பதிலே சொல்லல்ல. சரி, மாப்ளைக்குப் பேச்சு புடிக்காது போலன்னு விட்டுட்டேன்."

திரும்பும்போது அவர் பின்கதவைத் திறந்து, என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, வலது தோளுக்கு மேலாக முகத்தை நீட்டிப் பேசிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் மனைவி பார்த்துவிட்டாள். "எப்பா, அவங்க என்ன டிரைவரா? எதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கீங்க?"

"முன்னால வெயிலு மூஞ்சில அடிக்கி" என்றார் அவர், நான் பதறுவதற்கு முன்பே. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பிறகொரு நாள் அவரே என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார். மனைவியிடம் நானாகச் சொல்லும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீடுகளில் நட்சத்திர விளக்குகளை இன்னும் யாரும் இறக்கியிருக்கவில்லை. குளத்துக்குப் போனபோது குளத்தையே காணோம். அப்படியொரு பனி அந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. தண்ணீரிலிருந்து எழும்பிக் கரையைத் தாண்டித் தோப்புக்குள்ளும் நிறைந்திருந்தது. நான் தண்ணீரோரமாக நடந்தேன், அவர் தோப்புக்குள் போனார். கோரைக்கு மேலே சங்குவளை நாரைகள் சத்தமில்லாமல் பறந்து போயின. அவற்றின் கால்கள் மட்டும் தனியாகப் போவது போலத் தெரிந்தது. நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. பூமியில் வேறு எதுவுமே இல்லாதது போலவும், இருந்தாலும் அது வெகுதூரத்தில் இருப்பது போலவும் ஒரு நினைப்பு.

பிறகு மாமாவைத் தேடி உள்ளே போனேன். காலடிச் சத்தம் கேட்காத இடம் அல்லவா, நான் வருவது அவருக்குத் தெரியவில்லை. ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பச்சை டப்பா.

கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் தோள் துண்டால் அந்த டப்பாவின் மேல் இருந்த ஈரத்தைத் துடைத்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். புதிதாகக் கண்டெடுத்தவர் செய்கிற காரியமாக அது தெரியவில்லை. நன்றாகப் பழகிய பொருளை எடுத்துப் பார்க்கிற கை அது. சாய்ந்த மரத்துக்கு அடியிலிருந்த பொந்தில் அதை வைத்து, கொஞ்சம் தள்ளி, நேராக்கி, ஊசிகளை அள்ளி மூடினார். கடையில் மருந்துகளைத் தட்டில் அடுக்குவது போல. பிறகு அதன் மேல் கையை வைத்தபடி சற்று நேரம் அப்படியே இருந்தார்.

இது எப்போது அவருக்குக் கிடைத்ததோ. கிடைத்ததைச் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அவர் ஜன்னலோர நாற்காலிக்கும் நான் பட்டறைக்கும் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் சொல்லவில்லை. இதெல்லாம் யோசித்துத் தெரிந்துகொண்டது இல்லை. அவர் கை அந்த ஊசிகளின் மேல் இருந்த விதத்தில் தெரிந்தது.

நான் பின்னாலேயே நகர்ந்து பனிக்குள் போய், தண்ணீரோரத்தில் நின்றுகொண்டு உரக்கக் கூப்பிட்டேன். "மாமா! எங்க நிக்கீங்க?"

"இங்கனதான் நிக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணையும் காணும் மாப்ள!"

"இருக்கட்டும் மாமா. அடுத்த வாரம் பாப்போம்."

"அதுதான் சரி. எங்க போயிறப் போகுது?"

அதன் பிறகு நாங்கள் தேடிய ஞாயிறுகள்தான் எனக்கு இப்போது நினைத்தாலும் கனவு மாதிரி இருக்கின்றன. நான் சாய்ந்த மரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினேன். சில நாள் வேண்டுமென்றே அதன் பக்கத்தில் போவேன். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். விலகிப் போனதும் அவருக்கு இருமல் வரும். சில நாள் தேடாமல் ஊசி மெத்தையில் படுத்துவிடுவோம். அவர் தூங்கிவிடுவார். மேலே சவுக்குக் கிளைகள் ஆடும்போது வானமே ஆடுவது போல இருக்கும். மண்திட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டின, குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளின் அரற்றல் அவர் தூக்கத்துக்குள்ளும் போயிருக்க வேண்டும். ஒருமுறை கண் திறக்காமலே, "அதுகளுக்குப் பசிக்கி" என்றார்.

ஈஸ்டர் முடிந்ததும் பாடகர் குழுவுக்கு ஓய்வு விட்டார்கள். "இந்த வாரம் நானும் வாரேன்" என்றாள் மனைவி. மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

குளம் வற்றத் தொடங்கியிருந்தது. கரையோரச் சேற்றில் அரிவாள்மூக்கன் பறவைகள் நடந்துகொண்டிருந்தன. தோப்புக்குள் நுழைந்ததுமே மனைவியின் செருப்பில் முள் ஏறிவிட்டது. "இருங்க" என்று சொல்லி, நேராகப் போய் அந்தச் சாய்ந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். முள்ளைப் பிடுங்கிவிட்டுக் காலைக் கீழே வைத்தாள். ஊசிகள் சரிந்தன.

"எப்பா, இங்க என்னமோ பச்சையா இருக்கு."

"என்னது?" என்றார் மாமா.

"டப்பாவா?" என்றேன் நான்.

இரண்டு பேருடைய குரலும் ஒரே மாதிரி, தேவைக்கு மேல் உயர்ந்திருந்தன. அவள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் மேலே ஏதோ பறவையைப் பார்த்தேன்.

"இதத்தான் இத்தனை மாசமாத் தேடுனீங்களா? வழியிலேயே கெடக்கு!"

"எங்க கண்ணுல படல்லியே" என்றார் மாமா. பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். யோசித்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. "மாப்ள, நீங்க ஏன் இந்த மரத்துக்கிட்ட மட்டும் ஒரு நாளும் தேடல்ல?"

நான் மறுபடி மேலே பறவையைத் தேடினேன்.

"தெரியுமா?"

"பனி பெஞ்ச அன்னைக்குப் பாத்தேன் மாமா."

அவர் துண்டைத் தோளில் போட்டார். பிறகு வந்து மரத்தின் மேல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பயந்து மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"ரெண்டு பேருக்கும் கிறுக்குதான் புடிச்சிருக்கு" என்றாள் அவள். ஆனால் அவர் கையை அவள் விடவில்லை.

டப்பாவுக்குள் ஒரு பொம்மைக் கார், சில சோழிகள், ஒரு விசில், பெயர் எழுதும் தாள். மனைவி விசிலை எடுத்துக்கொண்டு தன் தலையிலிருந்த கிளிப்பை வைத்தாள். தாளில் மூன்று பேரும் பெயர் எழுதினோம். மாமாதான் கடைசியாக எழுதினார், மிகவும் நிதானமாக.

எங்கள் பக்கத்தில் அந்த வரைபடத்தில் வேறு டப்பா கிடையாது. அதனால் நாங்களே ஒன்றை ஒளித்து வைத்தோம். குளத்தின் எதிர்க்கரையில், தண்ணீர் நிறைந்ததும் வழியும் மறுகாலுக்குப் பக்கத்தில். இடத்தை மாமாதான் தேர்ந்தெடுத்தார். குறிப்பையும் அவரே சொன்னார், நான் செயலியில் ஏற்றினேன். அவருக்குச் சொந்தமாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். யாராவது தேட வருகிறோம் என்று எழுதினால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் பதில் தட்டுகிறார்.

போன ஞாயிறு, குளம் மறுபடி நிறைந்திருந்தது. அந்த எதிர்க்கரையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கோயம்புத்தூர்ப் பதிவெண் கொண்ட கார் ஒன்று வந்து நின்றது. இளம் ஜோடி ஒன்று இறங்கிப் போனைப் பார்த்தபடியே மறுகால் பக்கம் போனது. ஓரிடத்தில் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கிட்ட வந்துட்டாங்க" என்றார் மாமா மெல்ல.

"போய்ச் சொல்லலாமா மாமா?"

"சும்மா இருங்க மாப்ள" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஒரு கல்லைப் புரட்டினாள். பையன் தண்ணீரில் ஏதோ மூழ்குவதைக் காட்டினான். இருவரும் தேடுவதை நிறுத்திவிட்டு, அது எழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.